கிரில்லுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரே ஒரு ரெகுலேட்டர்

வலது முழங்கைக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. நாலு மாதம் ஆகிவிட்டது. ஏலகிரியில் கிரில் அடுப்பைப் பற்றவைக்கப் போய் வந்த காயம் இது. எங்கள் கேரவனின் கேஸ் லைனில் அந்த அடுப்பை இணைப்பதற்கு முன்னால் நான் மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேருமே விஷயம் தெரிந்தவர்கள்தான், யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஆனாலும் அடுப்பு எரிந்தது, வண்டியின் பக்கவாட்டுத் தகடு எரிந்தது, என் கை எரிந்தது, அம்மா அன்றைக்குப் பயந்த பயம் இன்னும் போகவில்லை. பத்து நிமிடம் ஒரே ஆள் உட்கார்ந்து முழுசாக எனக்குச் சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன், ஆனால் நடந்த வரிசையில் சொன்னால்தான் புரியும் என்பதால் கொஞ்சம் நீளும்.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு ஊர் ஊராகக் கோயில் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் ஓட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது, இரண்டு வேளை வெளியே சாப்பிட்டால் மூன்றாம் வேளை நெஞ்செரிச்சலில் தூங்க மாட்டார். அதனால் பழைய 12 சீட் வேன் ஒன்றை வாங்கி, அம்பத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து, படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், கை கழுவும் தொட்டி, இரண்டு பர்னர் அடுப்பு எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றினேன். வேலைக்கு மட்டும் 4 லட்சத்து 60 ஆயிரம். பின்பக்கம் ஒரு பெட்டி அறை செய்து அதில் 5 கிலோ சிலிண்டர், அங்கிருந்து செம்புக் குழாயில் உள்ளே அடுப்புக்கு ஒரு லைன், வண்டியின் இடது பக்கவாட்டில் வெளி அடுப்புக்கு என்று இன்னொரு வாய். அந்த வெளி வாயைக் கேட்டது நான்தான். ஹூஸ்டனில் இருக்கும் பெரியப்பா மகன் போன வருடம் வந்தபோது, தன்னிடம் இருந்த மடக்கி எடுத்துப் போகிற கிரில் அடுப்பை எனக்கென்று தூக்கி வந்திருந்தார். வண்டிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மீன் சுடலாம், சோளம் வாட்டலாம், உள்ளே புகையும் இருக்காது என்று எவ்வளவோ கற்பனை.

இந்த அடுப்பைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இந்த மாதிரிச் சின்ன கிரில்களோடு 1 பவுண்டு, அதாவது 450 கிராம் சொச்சம் புரோப்பேன் அடைத்த, கைக்கு அடக்கமான பாட்டிலைத் திருகி மாட்டுவார்கள். அந்தப் பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் சாதாரணமானது இல்லை. 21 டிகிரியிலேயே 100 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்கிற அழுத்தக் கணக்கு) மேல், நம் ஊர் வெயிலில் இன்னும் ஏறும். அதை அப்படியே பர்னருக்கு விட முடியாது என்பதால் கிரில்லின் குமிழுக்கு முன்னாலேயே ஒரு குட்டி ரெகுலேட்டரை வைத்து அனுப்புகிறார்கள். அதாவது அடுப்பு தன் ரெகுலேட்டரைத் தானே கூட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் பாட்டில் இங்கே நான் கேட்ட கடை எதிலும் கிடைக்கவில்லை. அதனால் கேரவனின் வெளி வாயில் இருந்து ஒரு டியூபை இழுத்து, அந்தக் குட்டி ரெகுலேட்டரின் வாயில் ஒரு பித்தளை இணைப்பு வைத்து, கிளிப் போட்டு இறுக்கிக் கொடுத்தார்கள் பட்டறையில். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் சோதனை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட் போய் வஞ்சிரம் ஒரு கிலோ வாங்கி வந்து, அம்மா மசாலா தடவி வைத்திருந்தார். குமிழை முழுசாகத் திறந்தால் அகல் விளக்கு மாதிரி நீலமாக ஒரு விரல்கடை தீ. காற்று அடித்தால் அதுவும் படுத்துவிடும். ஒன்றரை மணி நேரம் ஆகியும் மீன் வெளுத்துக்கொண்டே கிடந்தது, கடைசியில் உள்ளே எடுத்துப் போய் தோசைக்கல்லில் போட்டுச் சாப்பிட்டோம். எனக்கு ரொம்ப ஏமாற்றம். அன்றைக்கு ராத்திரியே ஹூஸ்டன் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, தீயே வரவில்லை என்று புலம்பினேன். பதில் உடனே வரவில்லை.

பொறுமை இல்லாமல் மறுவாரம் பாரிமுனையில் கேஸ் அடுப்பு சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். விவரம் சொன்னதும் கடைக்காரர், "சார், நீங்க போட்டிருக்கிறது வீட்டு ரெகுலேட்டர். இந்த மாதிரி அடுப்புக்கு அது பத்தாது, ஹை பிரஷர் போட்டாதான் இழுக்கும்" என்றார். சொன்னது உண்மைதான் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தக் கிரில்லில் ஏற்கெனவே ஒரு ரெகுலேட்டர் இருக்கும்போது அதற்கு முன்னால் இன்னொரு வீட்டு ரெகுலேட்டர் இருந்தால், இரண்டாவதற்குப் போய்ச் சேரும்போது கேஸில் தள்ளுவதற்குத் தெம்பே இருக்காது. அவர் கொடுத்த ஹை பிரஷர் ரெகுலேட்டரை, தள்ளுவண்டிகளிலும் கல்யாண சமையலிலும் பார்ப்போமே அந்தத் திருகு வைத்தது, சிலிண்டர் தலையில் மாட்டினேன். கிரில் பிரமாதமாக எரிந்தது. நான் யோசிக்காமல் விட்டது என்னவென்றால், அதே சிலிண்டரில் இருந்துதான் வண்டிக்குள் இருக்கும் அடுப்புக்கும் லைன் போகிறது. மறுநாள் காலை காபி போட உள் அடுப்பைப் பற்றவைத்தபோது தீ பர்னரை விட்டுத் தூக்கி, உஸ்ஸென்று சத்தத்தோடு எரிந்தது. "ரொம்ப வேகமா வருதேடா" என்றார் அம்மா. குமிழைக் குறைத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தீ பர்னரை விட்டு எழும்புவதும், சத்தம் போடுவதும், அழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று அடுப்பு வாய்விட்டுச் சொல்வது. அதைப் பார்த்தால் குமிழைக் குறைக்காதீர்கள், சிலிண்டரை மூடிவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

இதற்கு நடுவே அண்ணன் பதில் போட்டார். பதில் மட்டும் இல்லை, சென்னைக்கு வந்த நண்பர் ஒருவரிடம் ஒரு பார்சலும் கொடுத்துவிட்டார். "டேய், அந்த அடுப்புல இருக்கிற ரெகுலேட்டரைக் கழட்டிடு. இங்க கேரவன் வெச்சிருக்கிற எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. வண்டி லைன்லயே பிரஷர் குறைஞ்சுதான் வரும். இந்த டியூபைப் போடு" என்று குரல் பதிவு. பார்சலில் நீளமான ஒரு டியூப், அதன் முனையில் டக்கென்று மாட்டிக் கழற்றுகிற பித்தளை இணைப்பு, வண்டியில் பொருத்த அதன் ஜோடி. இதுவும் உண்மைதான். அமெரிக்கக் கேரவன்களில் சிலிண்டர் பக்கத்திலேயே ரெகுலேட்டர் இருந்து, வண்டி முழுக்க, தண்ணீரை 11 அங்குல உயரத்துக்குத் தூக்குகிற அளவு அழுத்தம்தான் ஓடும். பிஎஸ்ஐயில் சொன்னால் வெறும் 0.4. அந்த லைனில் மாட்டும்போது கிரில்லின் சொந்த ரெகுலேட்டரை எடுத்துவிடுவதுதான் சரி. ஆனால் என் வண்டியில் பாரிமுனைக்காரர் சொன்னபடி சிலிண்டர் தலையில் ஹை பிரஷர் உட்கார்ந்திருப்பது அண்ணனுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. அண்ணன் சொன்னபடி கிரில்லில் ரெகுலேட்டரே இல்லாமல் போகப்போவது கடைக்காரருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான், எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. பட்டறையில் கொடுத்து அண்ணன் அனுப்பிய ஜோடியை வெளி வாயில் பொருத்தி வாங்கிக்கொண்டேன். முன்பை விடத் துப்புரவாக இருந்ததால் சந்தோஷமாகவும் இருந்தது. வீட்டு வாசலில் இன்னொரு முறை எரித்துப் பார்க்கவில்லை.

பொங்கல் விடுமுறையில் ஏலகிரி கிளம்பினோம். வாணியம்பாடி தாண்டி, புலவர்கள் வள்ளல்கள் பெயர் வைத்த அந்த 14 வளைவுகளில் ஏறி, தெரிந்தவர் ஒருவரின் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினோம். 1,100 மீட்டர் உயரம், ஐந்தரை மணிக்கே குளிர ஆரம்பித்துவிட்டது. அம்மா சால்வை போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து சோளக் கதிர்களின் நார் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கிரில்லை வண்டியில் இருந்து மூன்றடி தள்ளி மடக்கு மேசையில் வைத்து, டியூபை டக்கென்று மாட்டி, சிலிண்டரைத் திறந்துவிட்டு, பெட்டி அறைக் கதவைச் சாத்தி, பூட்டினேன். ஆமாம், பூட்டினேன். போகிற இடங்களில் சிலிண்டர் திருட்டுப் போகக்கூடாது என்று பட்டறையில் ஒரு பூட்டுக் கொண்டி வைத்துக் கொடுத்திருந்தார்கள், சாவி வண்டிச் சாவிக் கொத்திலேயே இருந்தது.

குமிழைக் கால்வாசி திருப்பி லைட்டரை நீட்டியதும் இரண்டடி உயரத்துக்குத் தீ எழுந்தது. சத்தம் பெரியது, லாரி டயரில் காற்று இறங்குவது போல. பதறிக் குமிழை மூடினேன். மேலே தீ அடங்கியது, ஆனால் குமிழின் பின்னால் இருந்து ஒரு கத்தி போல மஞ்சள் தீ பக்கவாட்டில் வந்துகொண்டே இருந்தது. அந்தக் குமிழ் வால்வுக்குள் இருக்கும் சீல் குறைந்த அழுத்தத்துக்குச் செய்தது, இவ்வளவு தள்ளலை அது தாங்கவில்லை. மூடியும் அணையாத தீயைப் பார்க்கும்போது உடம்பு விறைத்துப்போகிறது, கை எங்கே போவது என்று தெரிவதில்லை. அதற்குள் டியூபின் மேல் தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது, சின்னச் சின்னதாக, அப்பளம் பொரிவது மாதிரி. அப்புறம் வண்டியோரம் இருந்த இணைப்பிலும் தீ பிடித்தது. அந்த இணைப்புக்கு நேர் மேலேதான் பெட்டி அறையின் கதவு.

அம்மா கத்தினார், "சிலிண்டரை மூடுடா, சிலிண்டரை மூடு!" சாவி வண்டிக்குள். ஓட்டுநர் இருக்கைக்கு ஓடிப் போய் எடுத்து வந்தது அம்மாதான், 67 வயதில். தீக்கு மேலே கையை நீட்டிப் பூட்டைத் திறந்து, ரெகுலேட்டரை மூடியபோது முழங்கைக்குக் கீழே சட்டைக் கை உருகி ஒட்டிக்கொண்டது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். தோட்டக்காரர் ஈரச் சாக்கோடு ஓடி வந்து தகட்டில் எரிந்துகொண்டிருந்த பெயின்டை அமர்த்தினார். என்னிடம் தீயணைப்புப் பவுடர் சிலிண்டர் இருந்தது. உள்ளே கட்டிலுக்குக் கீழே, பைகளுக்குப் பின்னால். இனிமேல் யார் கேரவன் செய்தாலும் அதைப் பக்கவாட்டுக் கதவுக்குப் பக்கத்தில், வெளியே நின்று கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் மாட்டுங்கள். இன்னொன்று, வால்வை மூட முடிகிற நிலையில் இருந்தால் முதலில் வால்வை மூடுங்கள், பிறகு அணையுங்கள். கேஸ் வந்துகொண்டிருக்கும்போது தீயை மட்டும் அணைத்தால், எரியாத கேஸ் கீழே தேங்கி அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். மூடவே முடியவில்லை என்றால் வண்டியை விட்டு ஆட்களோடு விலகி ஓடுவதுதான் வழி. வண்டி போனால் போகட்டும்.

அம்மா இட்லி மாவைக் கொண்டு வந்தார் பூச. தோட்டக்காரர் தடுத்து, தொட்டிக் குழாயில் கையைப் பிடித்து வைத்தார். இருபது நிமிடத்துக்கு மேல், எலும்பு வரை சில்லென்று ஏறும் ஏலகிரித் தண்ணீர். கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான், தண்ணீரில் பிடித்தீர்களா என்று, பிடித்ததால் ஆழமாகப் போகவில்லை என்றார். ஐஸ், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம், ஓடுகிற சாதாரணத் தண்ணீர் போதும். ராத்திரி அந்த 14 வளைவுகளில் தோட்டக்காரரின் தம்பி வண்டி ஓட்ட, அம்மா என் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். வாணியம்பாடி வெளிச்சம் தெரிந்த பிறகுதான், "மதுரையில அந்த ரயில் பெட்டி ஞாபகம் வந்துடுச்சுடா" என்றார். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ஸ்டேஷனில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், உள்ளே சிலிண்டர் கொண்டு வந்து அடுப்புப் பற்றவைக்கப் போய் 9 பேர் இறந்தார்கள், லக்னோவில் இருந்து கோயில் பார்க்க வந்தவர்கள். நாங்களும் கோயில் பார்க்க வண்டி செய்தவர்கள்தான். அதற்குப் பிறகு எனக்கும் பேச்சு வரவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டுத் தகடும் பெயின்டும் 38,000, ஜன்னல் ரப்பரும் வெயில் மறைப்பும் 9,500, ஆஸ்பத்திரியும் கட்டும் 11,200, பிறகு கேஸ் லைனை முழுசாகப் பிடுங்கி மறுபடி போட்டது 27,400. மொத்தம் 86,100 ரூபாய், அதோடு சம்பளமில்லாமல் ஒன்பது நாள் லீவு. கிரில் போனது தனி. இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. வேனைக் கேரவனாக மாற்றியதை ஆர்சி புத்தகத்தில் நான் ஏற்றவில்லை, அதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்டிஓவில் பதிய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டறையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை ஆரம்பிக்கும் முன்பே ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டு பிரித்த பிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலம் கிண்டியில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஆலைக் கேன்டீன்களுக்குக் கேஸ் பைப் போட்டே வயதானவர். கதையைக் கேட்டுவிட்டு அவர் திட்டவில்லை. மரப்பலகையில் ஆணி அடித்து, ஆங்கில எழுத்து யு மாதிரி வளைத்துக் கட்டிய ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை எடுத்து வந்தார். அதில் பாதிக்குத் தண்ணீர், இரண்டு சொட்டு நீல மை, நடுவே பள்ளிக்கூட ஸ்கேல். ஒரு முனையை எங்கள் வீட்டு ரெகுலேட்டரில் இருந்து வரும் டியூபில் செருகி, மெதுவாகத் திறந்தார். ஒரு பக்கம் மைத் தண்ணீர் இறங்கியது, மறுபக்கம் ஏறியது, கொஞ்சம் ஆடி நின்றது. "ரெண்டுக்கும் வித்தியாசத்தை அளந்து பாருங்க தம்பி" என்றார். 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம் வீட்டு ரெகுலேட்டர் வெளியே விடுவது சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அழுத்தம், அதாவது 30 சென்டிமீட்டர் தண்ணீரைத் தூக்குகிற அளவு. பிறகு கேட்டார், "உங்க அண்ணன் சொன்ன 11 அங்குலம் எவ்வளவு?" கணக்குப் போட்டேன். 28 சென்டிமீட்டர். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த மைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதல் நாள் பட்டறைக்காரர் மாட்டிக் கொடுத்த வீட்டு ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிட்டு, அண்ணன் அனுப்பிய டியூபை மட்டும் போட்டிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும். "ஹை பிரஷரை இதுல மாட்டிக் காட்டவா?" என்றார் பெரியவர், பிறகு அவரே, "வேணாம், தண்ணி கூரையில இருக்கும்" என்றார். ஒரு பார் அழுத்தம் வைத்தாலே அது வீட்டு ரெகுலேட்டரைப் போல முப்பது மடங்குக்கு மேல், தண்ணீரை 10 மீட்டர் தூக்கும்.

அவரிடம் கற்றுக்கொண்டது இதுதான். சிலிண்டரில் இருந்து பர்னர் வரை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள், வழியில் எத்தனை ரெகுலேட்டர் என்று எண்ணுங்கள். சரியாக ஒன்று இருக்க வேண்டும். இரண்டு இருந்து, முன்னால் இருப்பது வீட்டு ரெகுலேட்டர் என்றால் தீ படுக்கும், அதில் ஆபத்து குறைவு, எரிச்சல்தான் அதிகம். எதுவும் இல்லாவிட்டாலோ, இருக்கும் ஒன்று ஹை பிரஷராக இருந்து அடுப்பு குறைந்த அழுத்தத்துக்குச் செய்ததாக இருந்தாலோ, என் கை மாதிரி ஆகும். அடுப்பில் ரெகுலேட்டரைக் கழற்றும் முன் அந்த அடுப்பு எந்த அழுத்தத்துக்குச் செய்தது என்று அதன் தகட்டில் அல்லது கையேட்டில் பார்க்க வேண்டும். 11 அங்குலம், அல்லது 28, 30 மில்லிபார் (ஒரு மில்லிபார் என்பது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்) என்று இருந்தால் வீட்டு ரெகுலேட்டர் லைனில் நேராக மாட்டலாம். சில சின்ன கிரில்களின் ரெகுலேட்டர் அதை விட அதிக அழுத்தம் கொடுக்கும், அதற்குத் தகுந்தாற்போல் ஜெட்டின், அதாவது பர்னருக்குள் கேஸைப் பீச்சும் முனையின், துளை சின்னதாக இருக்கும். அவற்றை வண்டி லைனில் போட்டால் தீ மந்தமாகத்தான் வரும். உடனே ஊசியால் ஜெட்டைப் பெரிதாக்குகிற வேலை வேண்டாம், அதற்கு வேறு அடுப்பு வாங்கிவிடலாம். இன்னொரு வித்தியாசம், அங்கே பாட்டிலில் இருப்பது புரோப்பேன், நம் எல்பிஜியில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். அதே கன அளவு கேஸில் பியூட்டேனுக்குச் சூடு அதிகம், அதனால் தீயின் நுனி கொஞ்சம் மஞ்சளாக வரலாம், காற்றுத் துவாரத்தைச் சற்று அகலத் திறந்தால் நீலமாகும்.

வண்டியோர இணைப்பு ஏன் பற்றியது என்பதற்கும் காரணம் சொன்னார். அண்ணன் அனுப்பிய பித்தளை ஜோடியின் மரை என்பிடி என்கிற அமெரிக்க அளவுமுறை, நம் ஊர் லைனில் இருந்தது பிஎஸ்பி என்கிற வேறு அளவுமுறை. கால் அங்குல இணைப்பில் என்பிடிக்கு அங்குலத்துக்கு 18 மரை, பிஎஸ்பிக்கு 19. மரையின் கோணமும் வேறு, 60 டிகிரி, 55 டிகிரி. இரண்டு சுற்று சுலபமாக ஏறும், பிறகு இறுக்கும், இறுகிவிட்டது என்று நினைப்போம். பட்டறையில் அதன் மேல் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். பெரியவர் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், மரையின் ஓரம் நசுங்கிப் பளபளத்தது. வெளிநாட்டுச் சாமானை மாட்டும்போது மரை சரிதானா என்று மரை அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் என்பிடியில் இருந்து பிஎஸ்பிக்கு மாற்றுகிற சரியான இணைப்பைப் போடுங்கள். செம்புக் குழாயின் முனையை விரித்து நட்டு போட்டுப் பிடிக்கும் இடங்களில் உலோகமே உலோகத்தோடு அடைத்துக்கொள்ளும், அங்கே டேப் சுற்றவே கூடாது.

சிலிண்டர் அறையும் தப்பாகத்தான் இருந்தது. எல்பிஜி காற்றை விடக் கனமானது, கசிந்தால் கீழே போய்ப் படுக்கும். என் அறையில் மேலே அழகாக இரண்டு காற்றுத் துளை, கீழே ஒன்றும் இல்லை. இப்போது தரைத் தகட்டிலேயே வெளியே திறக்கிற துளைகள் போட்டாயிற்று, வண்டியின் உட்பக்கத்தோடு அந்த அறைக்கு எந்தச் சந்தும் கிடையாது. பூட்டு போய் வெறும் கொண்டி, கதவில் சிவப்பில் 'மூடு' என்று எழுதியிருக்கிறது. வெளி வாயை அறையில் இருந்து நாலடி தள்ளி மாற்றினோம், கிரில் வண்டியில் இருந்து ஆறடிக்குக் குறையாமல் நிற்கும். சிலிண்டர் நிமிர்ந்து, பட்டை போட்டு. படுக்க வைத்தால் கேஸுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும், ஒரு பங்கு திரவம் இருநூற்றைம்பது பங்கு கேஸாக விரியும். வண்டி ஓடும்போது சிலிண்டர் மூடியே இருக்க வேண்டும்.

சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடியைத் தாங்கும் பட்டைகளின் உட்பக்கம் பாருங்கள், ஏ, பி, சி, டி என்று ஓர் ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை, எண் அடுத்த சோதனைக்கான வருடம். அந்தத் தேதி தாண்டியதை வாங்காதீர்கள். மூடியைத் திறந்ததும் வால்வுக்குள் கருப்பு ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் பங்குகளிலும் ஏஜென்சிகளிலும் அடையாள அட்டை காட்டினால் கிடைக்கிற 5 கிலோ சிலிண்டர் போதும், தெருவோரக் கடையில் பெரிய சிலிண்டரில் இருந்து மாற்றி நிரப்பித் தருகிற குட்டிச் சிலிண்டர் பக்கமே போகாதீர்கள். டியூப் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, உள்ளே கம்பி வலை உள்ள ஆரஞ்சு டியூப், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெயிலிலும் குலுக்கலிலும் இருக்கும் வண்டிக்கு நான் இரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டேன், அது என் சொந்த முடிவு.

ஒவ்வொரு முறை மாட்டும்போதும் சோப்புத் தண்ணீர். ஒரு டம்ளரில் பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம், பழைய பெயின்ட் பிரஷ், எல்லா மூட்டிலும் தடவிவிட்டு ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன். குமிழி வந்தால் அன்றைக்குக் கிரில் கிடையாது. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கும் ஆட்களை இன்னும் பார்க்கிறேன், கை கூப்பிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். முடிக்கும்போது முதலில் சிலிண்டரை மூடி, டியூபில் மிச்சம் இருப்பது எரிந்து தீ தானாக அணைந்த பிறகு குமிழை மூடி, கடைசியில் டியூபைக் கழற்ற வேண்டும். மழை வந்தது, குளிர் அடித்தது என்று எரிகிற கிரில்லை வண்டிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டு போகவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். கேஸ் நாற்றம் அடித்தால் ஸ்விட்ச் எதையும் தொடாமல், கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து தள்ளி நின்று 1906க்கு போன் செய்யுங்கள், எல்பிஜி கசிவுக்கான அவசர எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். உங்கள் மேல் தப்பில்லை, நான் பாதியைத்தான் சொன்னேன் என்று எத்தனை முறை சொல்லியும் ஆறவில்லை. பாரிமுனைக் கடைக்கும் போய் வந்தேன், சண்டை போட இல்லை. ஹை பிரஷர் கேட்டு வருகிறவர்களிடம், அடுப்பில் ஏற்கெனவே ரெகுலேட்டர் இருக்கிறதா, அதே லைனில் வேறு அடுப்பு இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்று சொன்னேன். கையைப் பார்த்தார், சரி சார் என்றார்.

புதிதாக வேறொரு கிரில் வாங்கியிருக்கிறேன், 30 மில்லிபார் என்று தகட்டில் பொறித்தது. பெரியவர் அந்த மைத் தண்ணீர்ப் பலகையை எனக்கே கொடுத்துவிட்டார், சிலிண்டர் அறைக் கதவின் உட்பக்கத்தில் மாட்டியிருக்கிறது. போன சனிக்கிழமை கோவளத்துக்கு வண்டியை எடுத்துப் போனோம். அம்மா நாற்காலியை முதலில் ரொம்பத் தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் பலகையை வைத்து அளந்து, 29 என்று படித்துச் சொன்னேன். அவர் எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்கேலை அவரே ஒருமுறை பார்த்தார், பிறகு சோளத்தை எடுத்து வரச் சொன்னார்.